தலைவர் வீட்டம்மா ஆகிவிட்ட என் மகளுக்கு

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை ஊராட்சித் தலைவராகி நாலு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் உன் குரலில் இத்தனை அலுப்பு. “என் பேரைச் சொல்லி யாரும் கூப்பிடறதே இல்லைம்மா, தலைவர் வீட்டம்மாங்கறாங்க. குத்துவிளக்கு ஏத்தவும் பரிசு குடுக்கவும்தான் என்னைத் தேடறாங்க” என்றாய். அப்புறம் பேச்சோடு பேச்சாக, ஒரு அம்மா மூன்று நாளாக வாசலில் வந்து நின்றுவிட்டு எதுவும் சொல்லாமலே திரும்பிப் போகிறார் என்றாய். நீ அதைப் பெரிதாகச் சொல்லவில்லை. எனக்கு அதுதான் மனதிலேயே நிற்கிறது.

போனில் பேசினால் பாதியில் உன் வீட்டில் யாராவது வந்துவிடுவார்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். எனக்குப் பிடித்த ஒரு அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். அவரும் தலைவர் வீட்டம்மாதான். ரோசலின் கார்ட்டர் என்று பெயர். 1977 முதல் 1981 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரின் மனைவி. 2023 நவம்பர் 19 அன்று தன் 96-வது வயதில் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் பேப்பரில் பார்த்ததிலிருந்து அவரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்று ஒரு சின்ன ஊர். சுமார் 600 பேர்தான் இருப்பார்கள், உன் ஊராட்சியில் ஒரு வார்டு அளவுக்குத்தான் வரும். அங்கே 1927-ல் பிறந்தவர். அப்பா கார் மெக்கானிக். அவர் ரத்தப் புற்றுநோயில் போனபோது ரோசலினுக்கு 13 வயது, வீட்டில் நாலு பிள்ளைகளில் மூத்தவர். அம்மா ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்தினார். இந்தப் பெண் கூடமாட இருந்து தைத்தது, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டது. மூத்த பெண்ணின் தலையில் எல்லாம் வந்து விழுவது எந்த ஊரிலும் அப்படித்தான் போலிருக்கிறது.

1946-ல் கடற்படையில் இருந்த ஜிம்மியைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் ஊராகப் போனார். வெளியூர் வாழ்க்கை அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது. 1953-ல் மாமனார் இறந்ததும், வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாம் என்று கணவர் முடிவெடுத்தார். ரோசலினுக்கு அதில் துளியும் இஷ்டமில்லை. ஆனாலும் வந்தார். வந்த இடத்தில் குடும்பத்தின் கடலை மண்டிக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தார். கொஞ்ச காலத்தில் வியாபாரத்தின் லாப நஷ்டம் கணவரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. உனக்கும் கணக்குதானே வரும், அதனால்தான் இதை எழுதினேன்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம், நிதானமாகப் படி.

1970-ல் ஜிம்மி மாநில கவர்னர் தேர்தலுக்கு நின்றார். அங்கே கவர்னரை மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுப்பார்கள், அதிகாரத்தில் நம் முதலமைச்சர் மாதிரி. ரோசலினும் தனியாகப் பிரசாரத்துக்குப் போனார். ஒரு நாள் விடியற்காலை நாலரை மணிக்கு ஒரு பஞ்சாலை வாசலில் நோட்டீஸோடு நின்றுகொண்டிருந்தார், ராத்திரி ஷிப்ட் விடும் நேரம். வயதான ஒரு பெண் வெளியே வருகிறார். தலைமுடியிலும் ஸ்வெட்டரிலும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘வீட்டுக்குப் போய்த் தூங்குவீர்களா’ என்று ரோசலின் கேட்கிறார். வீட்டில் மனநிலை சரியில்லாத மகள் இருக்கிறாள், அவளுக்கு ஆகும் செலவுக்குக் கணவரின் சம்பளம் போதவில்லை, அதனால்தான் ராத்திரி வேலைக்கு வருகிறேன் என்கிறார் அந்தப் பெண். பகலில் மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கத்துக்கு எங்கே போவது?

அன்று முழுக்க அந்த முகம் ரோசலினை விடவில்லை. அதே நாள் அதே ஊரில் ஜிம்மி பேசிய கூட்டத்துக்குப் போனார். கூட்டம் முடிந்து ஜனங்கள் வேட்பாளருக்குக் கை கொடுக்க வரிசையில் நிற்க, இவரும் போய் அந்த வரிசையில் நின்றார். ஜிம்மி யாரென்று கவனிக்காமலே கையைப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். “நீங்கள் கவர்னரானால் மனநோயாளிகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று கேட்டார் ரோசலின். நாட்டிலேயே நல்ல ஏற்பாட்டைச் செய்வோம், அந்தப் பொறுப்பை உன்னிடமே தருகிறேன் என்றார் அவர்.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். உன் சின்ன மாமாவுக்கு உடம்புக்கு ஆனபோது நீ பிறக்கவில்லை. 1980, அவனுக்குப் பதினேழு வயது. சிங்காநல்லூர் லைன் வீட்டில் இருந்தோம். எங்கள் அப்பா, உன் அப்புச்சிக்கு மில்லில் ராத்திரி ஷிப்ட். எங்கள் அம்மா, உன் அம்மாயிக்குப் பகல் ஷிப்ட். பையனைத் தனியாக விட முடியாது என்பதால் இரண்டு பேரும் அப்படிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். காலையில் சங்கு ஊதினதும் அப்புச்சி வருவார், புருவத்தில்கூடப் பஞ்சு இருக்கும். அம்மாயி தூக்குப்போசியோடு வாசற்படியில் தயாராக நிற்பாள். “ராத்திரி தூங்கவே இல்லீங்க, கஞ்சி மட்டும் குடிச்சான்” என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பாள். வருஷக்கணக்காக அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அந்த வாசற்படியில்தான்.

ஊரில் ஒருவரும் கேட்டதில்லை, கண்ணு. மந்திரித்துப் பார்த்தோம், வேப்பிலை அடித்துப் பார்த்தோம், ஒரு கோயிலில் நாற்பது நாள் தங்க வைத்தோம். உறவுக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தால், அவனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தச் சொல்வார்கள். நான் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஒரு நல்ல டாக்டரிடம் காட்டி, ஊசியும் மாத்திரையும் ஒழுங்காக ஆரம்பித்தது. அதற்குள் ஏழு வருஷம் போயிருந்தது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் வெந்து செத்தார்களே, அன்று அம்மாயி மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு டிவி முன்னால் அழுதது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அதனால்தான் ரோசலின் என்னைப் பிடித்துக்கொண்டார். ஜிம்மி ஜெயித்ததும், மனநல சேவைகளைச் சீர்படுத்த அமைத்த குழுவில் ரோசலின் உறுப்பினரானார். அட்லாண்டாவில் இருந்த அரசு மருத்துவமனைக்குத் தொண்டு செய்யப் போனார். அந்த மாநிலத்தில் மில்லட்ஜ்வில் என்ற ஊரில் பெரிய மனநோய் மருத்துவமனை ஒன்று இருந்தது, ஒரு காலத்தில் அங்கே 12,000 பேர் வரை அடைந்து கிடந்தார்கள். அவர்களை ஊரிலேயே, குடும்பத்தோடு வைத்துப் பார்க்க முடிகிற மாதிரி சின்னச் சின்ன மையங்கள் வேண்டும் என்பதுதான் இவர் கேட்டது.

ஜனாதிபதி மாளிகைக்குப் போன பிறகும் அந்தப் பிடியை விடவில்லை. 1977-ல் மனநலத்துக்காக ஜனாதிபதி ஆணையம் அமைத்தார்கள். சொந்தக்காரர்களுக்குப் பதவி கொடுக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததால் ரோசலினைத் தலைவராக்க முடியவில்லை, கௌரவத் தலைவர் என்று வைத்தார்கள். வேலை என்னவோ அவர்தான் செய்தார். 1979-ல் அவர்கள் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் குழு முன்னால் போய் இதற்காகச் சாட்சியம் சொன்னார். அவருக்கு முன்னால் எலினோர் ரூஸ்வெல்ட் ஒருவர்தான் ஜனாதிபதி மனைவியாக இருந்துகொண்டு நாடாளுமன்றத்தில் அப்படிச் சாட்சியம் சொன்னவர்.

பேச்சும் வாங்கினார். மந்திரிசபைக் கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து குறிப்பு எடுத்தார் என்று பேசினார்கள். 1977-ல் கணவரின் தூதராக லத்தீன் அமெரிக்காவில் ஏழு நாடுகளுக்குப் போய் ஆட்சியாளர்களோடு பேசியபோது, ஓட்டு வாங்காத பெண்ணுக்கு இது எதற்கு என்று கேட்டார்கள். பதவியேற்பு விருந்துக்கு, ஆறு வருஷம் முன்னால் கவர்னர் பதவியேற்புக்குப் போட்ட அதே நீல கவுனைப் போட்டு வந்தார் என்றுகூடக் குறை சொன்னார்கள். அம்மா தையல் மிஷினில் உழைத்ததைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு ஒரு நல்ல துணியின் அருமை தெரியாதா? எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

1979 நவம்பரில் தாய்லாந்து எல்லைக்குப் போனார். கம்போடியாவிலிருந்து தப்பி வந்தவர்கள் சாகேவ் முகாமில் தரையில் கிடந்தார்கள், எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள். ரோசலின் அவர்கள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து பிள்ளைகளைக் கையில் எடுத்தார். ஊர் திரும்பியதும் உதவி திரட்டுவதில் இறங்கினார்.

அந்த ஆணையத்தின் பரிந்துரைகளை வைத்து 1980 அக்டோபரில் மனநலச் சட்டம் கையெழுத்தானது. பத்து வருஷ உழைப்பு. அடுத்த மாதமே கணவர் தேர்தலில் தோற்றார். புதிய அரசு 1981-ல் அந்தச் சட்டத்தின் பெரும்பகுதியை ரத்து செய்து, பணத்தையும் நிறுத்திவிட்டது. தேர்தல் தோல்வியில் ஜிம்மியைவிட ரோசலின்தான் நொறுங்கிப்போனார். அதை அவர் மறைக்கவும் இல்லை.

ஊருக்கே திரும்பி வந்தார்கள், அதே பிளெயின்ஸ், 1961-ல் கட்டிய அதே வீடு. அப்போது ரோசலினுக்கு 53 வயது. இனி காவலும் குறைவு, அழைப்பவர்களும் குறைவு. அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1982-ல் இருவரும் அட்லாண்டாவில் கார்ட்டர் மையத்தைத் தொடங்கினார்கள், அதில் மனநலப் பிரிவை இவர் கையில் வைத்துக்கொண்டார். வீட்டில் நோயாளியை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக 1987-ல் தன் பழைய கல்லூரியிலேயே ஒரு நிறுவனம் வைத்தார். பார்த்துக்கொள்கிறவர்களுக்காக என்பதை மறுபடி படி, கண்ணு. நோயாளிக்கு டாக்டர் உண்டு, அம்மாயிக்கு யார் இருந்தார்கள்?

மனநோயைப் பற்றிப் பத்திரிகைகள் கேவலமாக எழுதாமல் இருக்க, 1996-லிருந்து பத்திரிகையாளர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் படிக்க வைத்தார். உடல்நோய்க்குக் கொடுக்கிற மாதிரியே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் கொடுக்க வேண்டும் என்று விடாமல் கேட்டு, எண்பது வயதை நெருங்கும்போதும் நாடாளுமன்றக் குழு முன்னால் போய் உட்கார்ந்தார். 2008-ல் அதற்குச் சட்டம் வந்தது. பஞ்சாலை வாசலிலிருந்து எண்ணினால் 38 வருஷம்.

நரம்புச் சிலந்தி நோய் கேள்விப்பட்டிருப்பாய். அழுக்குத் தண்ணீரைக் குடித்தால் உடம்புக்குள் வளர்ந்து, காலைப் பிய்த்துக்கொண்டு நீளமாகப் புழு வெளியே வரும். படிக்கட்டுக் கிணறுகளால் நம் ஊரிலும் இருந்த நோய்தான், நர்ஸிங் படித்தபோது எங்கள் டியூட்டர் அதைச் சொல்லித்தரும்போது முகம் சுளிப்பார். 1986-ல் உலகத்தில் சுமார் 35 லட்சம் பேருக்கு இருந்தது. கார்ட்டர் மையம் மற்றவர்களோடு சேர்ந்து ஊர் ஊராகப் போய், துணியில் தண்ணீரை வடிகட்டிக் குடிக்கச் சொல்லிக்கொடுத்தது. ரோசலின் இறந்த 2023-ல் மொத்தம் 14 பேர்தான்.

வீடில்லாதவர்களுக்கு வீடு கட்டித் தரும் ‘ஹாபிடட் ஃபார் ஹியூமானிட்டி’ என்ற தொண்டு அமைப்போடு வருஷத்துக்கு ஒரு வாரம் கணவரும் மனைவியும் சுத்தியலும் ஆணியுமாக நின்றார்கள். 1984-ல் ஆரம்பித்தது, முப்பத்தைந்து வருஷத்தில் 14 நாடுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் அந்த அமைப்போடு வேலை செய்திருக்கிறார்கள். 2006-ல் நம் நாட்டுக்கும், மகாராஷ்டிராவில் லோனாவாலா பக்கத்தில் மளவ்லி என்ற ஊருக்கு வந்தார்கள். அப்போது ரோசலினுக்கு 79 வயது.

2023 மே மாதம் ரோசலினுக்கு மறதி நோய் என்று குடும்பத்தார் வெளியே சொன்னார்கள். மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் சொன்னதைத் தன் வீட்டிலும் செய்தார்கள். இறந்த பிறகு அஞ்சலிக்கு 99 வயதுக் கணவர் சக்கர நாற்காலியில், காலில் போர்வையோடு வந்தார். தான் சாதித்த எல்லாவற்றிலும் ரோசலின் சரிபாதிப் பங்காளி என்று அவர் அறிக்கையில் சொல்லியிருந்தார். வீட்டுத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

உன் ஸ்கூல் வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டாயே, விடாதே. குத்துவிளக்கு ஏற்றக் கூப்பிட்டால் போய் ஏற்று, அதிலும் தப்பில்லை. ஆனால் வாசலில் நிற்கிற அந்த அம்மா நாளைக்கு வந்தால், மாப்பிள்ளை வரட்டும் என்று காத்திருக்காதே. உள்ளே கூப்பிட்டு உட்கார வை. ஒரு டம்ளர் காபி கொடுத்துவிட்டு, வீட்டில் யாருக்கு என்ன என்று மெதுவாகக் கேள். அழுதால் அழட்டும். மனநலம் சம்பந்தப்பட்டது என்றால் உடனே எனக்குப் போன் போடு, அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை பார்க்கிறார்கள், என்ன சீட்டு வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பென்ஷன் நாள் தவிர எந்த நாளும் நானே பஸ் ஏறி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

மாமா நன்றாக இருக்கிறான். வியாழக்கிழமை ஊசி போட்டாச்சு. காலையில் செடிக்கெல்லாம் அவன்தான் தண்ணீர் விடுகிறான். நீ தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த சட்டையைப் பீரோவில் வைத்துக்கொண்டு, அவள் வந்தால்தான் போடுவேன் என்கிறான். பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் வா. வருவதற்குள் அந்த அம்மாவின் பெயரைக் கேட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா