புது லாரி பற்றி பாப்பாவுக்கு

பர்கூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உங்கப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, மாத்திரையைத்தான் ஒளித்துவைக்கிறார். மாப்பிள்ளையையும் குட்டியையும் கேட்டதாகச் சொல்.

லாரி விஷயமாக, எந்த வண்டி எடுப்பது என்று நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நான் வாயைத் திறந்தால் அவன் ஒன்று சொல்வான், உள்ளே இருந்து உங்கப்பா இன்னொன்று சொல்வார். அதனால்தான் கடிதம். மஸ்கட்டில் நீங்கள் இரண்டு பேரும் நைட் டியூட்டி பார்த்துச் சேர்த்த பணம்தான் இந்த லாரிக்குப் போகிறது, மாப்பிள்ளையும் ஒருமுறை படித்துவிடட்டும்.

தம்பிக்குப் பழைய வண்டியை விற்றுவிட்டுப் புது பி.எஸ். 6 டிப்பர், அதாவது புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டிப்பர், எடுக்க வேண்டும். குவாரிக்கும் கிரஷருக்கும் வேலை எப்போதும் இருக்கிறது என்கிறான். உங்கப்பாவோ பி.எஸ். 6 என்றாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். அவருக்கு அது சென்சார் வண்டி, யூரியா குடிக்கிற வண்டி. என்னைக் கேட்டால் புது வண்டி எடுக்கலாம், டிப்பர் மட்டும் வேண்டாம். பத்து சக்கர லாரி எடுத்துச் சென்னை லைனில் ஓட்டட்டும். பழைய வண்டி இங்கேயே கிரஷருக்கு ஓடட்டும். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன். டீசல், டியூ, டிரைவர் பேட்டா எல்லாம் இத்தனை வருஷமாக என் நோட்டில்தானே ஏறுகிறது.

முதலில் உங்கப்பாவின் யூரியா பயத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் விற்கிற லாரி எல்லாம் பி.எஸ். 6 தான். புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கச் சைலன்சர் பக்கம் ஒரு திரவத்தைத் தெளிக்கிறார்கள். ஆட்ப்ளூ என்பார்கள், டி.இ.எஃப். என்பார்கள், நம்ம டிரைவர்கள் யூரியா என்றே சொல்கிறார்கள். சுத்தமான யூரியா 32.5 சதவீதம், மீதி கனிமம் நீக்கிய தண்ணீர். நூறு லிட்டர் டீசலுக்கு நான்கைந்து லிட்டர் ஆகும். வண்டி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் 92 ரூபாய், யூரியா லிட்டர் 70 ரூபாய் என்று வைத்துக்கொள். டீசலுக்குக் கிலோமீட்டருக்கு 23 ரூபாய் போகிறது. யூரியாவுக்கு 70, 80 பைசா. உங்கப்பா ராத்திரி தூக்கம் கெடுத்துக்கொள்வது இந்த எண்பது பைசாவுக்காகத்தான்.

ஆனால் அந்த எண்பது பைசாவிலும் மிச்சம் பிடிக்கப் போனால்தான் லட்சத்தில் போய் முடியும். வயலுக்குப் போடுகிற யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிற ஆட்கள் இருக்கிறார்கள். நம்ம நாட்டு யூரியா மூட்டையில் வேப்பெண்ணெய் பூசியிருக்கும், அதோடு அது அந்த அளவுக்குச் சுத்தமானதும் இல்லை. அது போய் ஊசி மாதிரி இருக்கிற தெளிப்பானை அடைக்கும், உள்ளே புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும். மானிய உரத்தை வேறு வேலைக்குத் திருப்புவது குற்றம் என்பது தனி. தம்பியிடம் இதை நீயும் சொல். சீல் பிரிக்காத கேன், ஐ.எஸ்.ஓ. 22241 என்று அச்சடித்தது, அது மட்டும்தான். வெயிலிலும் வைக்கக் கூடாது. 25 டிகிரியில் ஒன்றரை வருஷம் தாங்குவது 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம்ம ஊர் மே மாதத்தில் தகர ஷெட்டுக்குள் கேனை அடுக்கினால் என்ன ஆகும் என்று நீயே பார்த்துக்கொள். யூரியா தீர்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டே போனால் வண்டி தானாக இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஏமாற்ற முடியாது.

இப்போது தம்பியின் டிப்பர். இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் படி.

பி.எஸ். 6 வண்டியின் சைலன்சருக்குள் டி.பி.எஃப். என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. கரும்புகையில் வருகிற கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்துகொண்டே போனால் அடைத்துவிடும் அல்லவா, அதனால் அவ்வப்போது அந்தக் கரியை எரித்துத் தீர்க்க வேண்டும். ரீஜென் என்கிறார்கள். லோடு ஏற்றிக்கொண்டு ஹைவேயில் ஒரே வேகத்தில் போகிற வண்டிக்குப் புகைக்குழாய் நன்றாகச் சூடாகும், பெரும்பாலும் போகிற போக்கிலேயே எரிந்துவிடும், டிரைவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. சூடு போதாவிட்டால் வண்டியே கூடுதல் டீசலைக் கொடுத்து 550, 600 டிகிரி வரைக்கும் கொண்டுபோகும்.

கிரஷர் வண்டி எப்படி ஓடுகிறது என்று உனக்குத் தெரியும். குவாரியில் லோடுக்கு வரிசையில் நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு கிலோமீட்டர் மண் பாதையில் ஊர்ந்து போய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்து மறுபடி நிற்கும். ஈர விறகு அடுப்பு மாதிரி புகையுமே தவிர சூடு ஏறாது. கரி சேரும். டேஷ்போர்டில் விளக்கு எரியும். அப்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, பட்டனை அழுத்தி, அரை மணி நேரம் போல இன்ஜின் தானே உறுமி எரிக்க விட வேண்டும். அதுவும் காய்ந்த புல் இல்லாத இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும், குழாய் அவ்வளவு சூடாக இருக்கும். ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற டிரைவர் அரை மணி நேரம் நிறுத்துவானா? விளக்கைப் பார்க்காத மாதிரி ஓட்டுவான், இல்லை பாதியில் சாவியைத் திருப்பி அணைப்பான். இரண்டு மூன்று முறை இப்படி ஆனால் வண்டி இழுக்காது, அப்புறம் லேப்டாப் வைத்திருக்கிற ஆள் வந்தால்தான் உண்டு.

நம்ம தெருவில் ஒருவர் டிப்பர் எடுத்திருக்கிறார். முதல் வருஷம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் புகைக்குழாயில் ஏதோ சென்சார் போய், சர்வீஸ் சென்டரில் பார்ட்ஸ் வரவில்லை வரவில்லை என்று வண்டி அங்கேயே கிடந்தது. வாரண்டி இருந்ததால் சென்சாருக்குப் பணம் கேட்கவில்லை. ஆனால் நின்ற நாளுக்கு வாரண்டியில் யாரும் பணம் கொடுப்பதில்லையே. டியூ தேதி வந்தது, டிரைவரும் வேறு வண்டிக்குப் போய்விட்டான். அந்த வீட்டு அம்மா என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனதிலிருந்துதான் நான் இந்தக் கணக்கையே வேறு மாதிரி போட ஆரம்பித்தேன்.

அந்தக் கணக்கு இதுதான். 27 லட்சம் கடன், பத்து சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாத டியூ 57,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும். ஒரு நாள் சும்மா நின்றால் 1,900 ரூபாய். வண்டி மாதம் 6,000 கிலோமீட்டர் ஓடினால் டியூ மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்பதரை ரூபாய். டிப்பர் வரிசையில் நின்று நின்று 3,000 தான் ஓடியது என்றால் அதே டியூ 19 ரூபாய். யூரியாவையும் மைலேஜையும் பற்றித்தான் வீட்டில் இவ்வளவு சண்டை. அவை இரண்டும் சேர்ந்தாலும் இந்த வித்தியாசத்துக்குப் பக்கத்தில் வராது. தம்பி வாடகையை மட்டும் பார்க்கிறான், நிற்கிற நேரத்தைப் பார்ப்பதில்லை.

பழைய வண்டி பி.எஸ். 3. அதில் ஓடுவது பம்பும் நாசிலும்தான், பட்டறையில் ஸ்பேனர் வைத்தே பிரித்து மாட்டுவார்கள். குவாரிக்குள் நின்றுபோனால் அங்கேயே ஆள் வந்து பார்ப்பான். கடன் இல்லை, அதனால் நின்றாலும் வட்டி ஓடாது. எட்டு வருஷம் தாண்டிவிட்டதால் வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும், அது ஒரு செலவு. இருக்கட்டும். அதை விற்றால் இன்றைக்கு என்ன வரப்போகிறது?

சென்னை லைன் என்றால் ஒரு போக்கே 200 கிலோமீட்டருக்கு மேல், வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று ஒரே ரோடு. பி.எஸ். 6 வண்டிக்கு அதுதான் பொருத்தமான வேலை. இங்கிருந்து கிரானைட் பலகை துறைமுகத்துக்குப் போகிறது, சீசனில் மாங்கூழ் போகிறது. திரும்பி வர லோடு கிடைப்பதுதான் பாடு. புக்கிங் ஆபீஸில் இரண்டு பேரிடம் பேசிவிட்டேன், ஒருவர் வாரம் இரண்டு லோடு உறுதியாகத் தருகிறேன் என்கிறார். எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். அது கையில் வராமல் முன்பணம் கட்டக் கூடாது என்பது என் கட்சி.

இன்ஜினைப் பற்றி உங்கப்பா சொல்வதில் ஒன்று நிஜம். இந்தப் புது இன்ஜினில் டீசல் ஆயிரத்தைந்நூறு பார், இரண்டாயிரம் பார் அழுத்தத்தில் பாய்கிறது. பங்கில் கொஞ்சம் தண்ணீரோ மண்ணெண்ணெய்க் கலப்போ இருந்தால் பழைய வண்டி இருமிக்கொண்டு ஓடிவிடும், இது இன்ஜெக்டரைக் காவு வாங்கும். எனவே ஒரே நம்பிக்கையான பங்கு, பில்லோடு. தண்ணீர் பிரிக்கிற ஃபில்டரை டிரைவர் தினமும் பார்க்க வேண்டும். ஆயிலும் டப்பாவில் சி.கே. 4 என்று போட்டது, இல்லை கம்பெனி சொல்வது. பழைய வண்டி ஆயில் மிச்சம் இருக்கிறதே என்று ஊற்றினால் அதன் சாம்பல் வடிகட்டியில் படியும், சாம்பலை எந்த ரீஜெனும் எரிக்காது. பாடியில் வெல்டிங் வைக்கும்போது கம்பெனி புத்தகத்தில் சொன்னபடி பேட்டரியையும், இன்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இ.சி.யு.வின் வயரையும் கழற்றாவிட்டால் அந்தக் கம்ப்யூட்டரே போய்விடும். பட்டறையில் அவசரத்தில் யாரும் செய்ய மாட்டார்கள், நாம்தான் பக்கத்தில் நிற்க வேண்டும். எலி வயரைக் கடிப்பதும் உண்டு. அதற்கு நம்ம வீட்டுப் பூனையை நம்பிப் பயனில்லை, அது மத்தியானம் முழுக்கத் தூங்குகிறது.

பாடி கட்ட நாமக்கல் போக வேண்டும். போகும்போதே தொப்பூர் கணவாய் இறங்க வேண்டும். அங்கே டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் இன்னும் போகவில்லை, அதனால்தான் எத்தனை விபத்து. புது இன்ஜினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் பாய்வதே நின்றுவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜினை ஓடவைக்க டீசல் வேண்டும். அதாவது நியூட்ரலில் இறக்குகிறவன் உயிரையும் பணயம் வைத்து, டீசலையும் கூடச் செலவழிக்கிறான். தம்பிக்குப் புரியவைத்துவிட்டேன். வைக்கப்போகிற டிரைவருக்கும் முதல் நாளே சொல்வேன். இப்போதைய வண்டிகளில் எங்கே எவ்வளவு நேரம் சும்மா ஓடுகிறது, எவ்வளவு டீசல் போகிறது என்று போனிலேயே காட்டுகிறதாம். அந்த ஆப்பை என் போனில் போடச் சொல்லிவிட்டேன். தம்பி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

விலையில் இப்போது கொஞ்சம் சாதகம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆகிவிட்டது. அடிப்படை விலை 30 லட்சம் என்றால் அதில் மட்டும் 3 லட்சம் குறையும். 2025 அக்டோபரிலிருந்து தயாராகிற பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபினும் கட்டாயம். உங்கப்பா சிரிக்கிறார். அவர் ஓட்டிய காலத்தில் இன்ஜின் சூடு காலைச் சுட, ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டினார். டிரைவர் நிலைக்க வேண்டுமானால் ஏ.சி. நல்லதுதான் என்று நான் சொன்னேன்.

உன் பணத்தைப் பற்றி. முழுப் பணத்தையும் முன்பணமாகக் கட்டாதே. மூன்று மாத டியூ அளவுக்குத் தனியாக வங்கியில் இருக்க வேண்டும், வண்டி நின்றால் அதிலிருந்துதான் எடுப்போம். நீ கொடுப்பது தம்பிக்குக் கடன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். உங்கப்பாவுக்கு இது பிடிக்காது, அக்கா தம்பிக்குள் என்ன எழுத்து என்பார். நான் பேசிக்கொள்கிறேன். மாப்பிள்ளை கேட்காவிட்டாலும் அவருக்கு அந்தத் தாள் இருப்பது மரியாதை.

இரண்டு கம்பெனியில் கொட்டேஷன் கேட்டிருக்கிறோம். வந்ததும் வாட்ஸ்அப்பில் போடுகிறேன். விலையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ வாரண்டிப் பக்கத்தை மட்டும் நன்றாகப் படி, இங்கிலீஷில் பொடி எழுத்தில் இருக்கும். டி.பி.எஃப்., யூரியா பம்ப், சென்சார் மூன்றும் எத்தனை வருஷத்துக்கு உள்ளே வருகிறது, வருஷச் சர்வீஸ் ஒப்பந்தத்தில் நடு ரோட்டில் நின்றால் எத்தனை மணி நேரத்தில் ஆள் அனுப்புவார்கள், தாமதமானால் ஏதாவது தருவார்களா என்று பார்த்துச் சொல். வேலூர் பக்கம் அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் எங்கே இருக்கிறது என்று தம்பியை நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போவதாகச் சொன்னான்.

குட்டிக்குப் புளிப்பு மாங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா