சரக்குத்தூள்

அன்புள்ள பிள்ளைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

நான் அனுப்புவதை நீ பார்த்துவிட்டாய் என்று வாட்ஸ்அப்பில் நீலச் சரி விழுகிறது, பதில் மட்டும் இல்லை. வேலை கூடவாக்கும் என்கிறார் அப்பா. சரி, வேலையாகவே இருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு. மருமகன் பாவம், எடுத்தால் "நித்திரை மாமி" என்கிறார், இங்கே இரவு ஒன்பதரை என்றால் ரொறன்ரோவில் பகல் பன்னிரண்டு என்று எனக்குக் கணக்குத் தெரியாதா?

ஆடி அமாவாசைக்கு அப்பாவோடு கீரிமலைக்குப் போனேன். சரியான சனம். அவருடைய முழங்காலுக்குப் படி இறங்க ஏலாது, யாரோ ஒரு பெடியன்தான் பிடித்து இறக்கிவிட்டான். எள்ளும் தண்ணீரும் விடும்போது ஐயர் அப்பப்பாவின் பெயர் கேட்டார், அவருடைய தகப்பன் பெயர் கேட்டார், அதற்கும் மேலே ஒரு பெயர் கேட்டார், அதில் அப்பா தடுமாறிப் போனார். தள்ளி நின்ற எனக்கு ஒன்று பட்டது. எல்லாம் மேலேதான் கேட்கிறார்கள். தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராப் பறுவம். கீழே போனதுகளுக்கு ஒரு நாளும் இல்லை. கைக்குழந்தைக்கு எட்டுச் சடங்கும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, நினைவுக் கல்வெட்டுப் புத்தகமும் அடிக்கிறதில்லை. "அதுகளுக்குப் பாவமே இல்லை, பிறகென்ன சடங்கு" என்று அம்மம்மா சொல்லுவா. பெற்றவள் என்ன செய்வது என்று அவ சொன்னதில்லை.

அப்பா எதற்கெடுத்தாலும் யோகர் சுவாமியின் "எப்பவோ முடிந்த காரியம்" சொல்கிறவர், மின்வெட்டுக்கும் சொல்லுவார். வைகாசியில் உன் போன் வந்த அன்று மட்டும் வாயெடுத்தவர் சொல்லாமல் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றார். நான்தான் வாய் அடங்காமல் "அடுத்தது வரும், யோசிக்காதே" என்றேன். நீ "ஓம்" என்று வைத்தாய்.

அதே சொல்லை எனக்கும் சொன்னார்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, சண்டையில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தால் போனபோது உனக்கு நாலு வயது, அப்பாவின் தோளில் நித்திரை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வாங்குகளுக்கு நடுவில் உன் தம்பி பிறந்தான். இரண்டு நாள் இருந்தான். யாருடையதோ பனங்காணியில் அப்பா கொண்டுபோய்த் தாட்டுவிட்டு வந்தார். சுவாமி சொன்னது பொய் என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் முடிந்த காரியம் என்றால் பால் ஏன் கட்டுகிறது, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தேன். நீ "பாப்பா எங்கே, பாப்பா எங்கே" என்று கேட்டபடி இருந்தாய். உன் வாயில் அடித்தேன். அதற்குப் பிறகு நீ கேட்கவேயில்லை. கதைக்காமல் இருக்க உன்னைப் பழக்கியது நான்தான் பிள்ளை, இப்போது கதை கதை என்று மெசேஜ் போடுகிறதும் நான்தான்.

அடுத்த சித்திரையில் ஊருக்கு, வலிகாமத்துக்குத் திரும்பினோம். எத்தனை தரம் கொடிகாமத்தால் பஸ்ஸில் போயிருப்பேன், ஒருநாளும் இறங்கவில்லை.

இந்த முறை பொம்பிளையள் கேணியில் முழுகிவிட்டு ஒரு கை தண்ணீர் அள்ளி விட்டேன். ஐயரும் இல்லை, மந்திரமும் இல்லை. பக்கத்தில் நின்ற ஆச்சி ஒருத்தி "ஆருக்குப் பிள்ளை?" என்றா. "மகனுக்கு. பேத்திக்கும்" என்றேன். மகன் என்று வாயால் சொன்னது அன்றைக்குத்தான். ஆச்சி ஒன்றும் கேட்காமல் தானும் ஒரு கை அள்ளி விட்டா. இது முறையோ முறையில்லையோ, தெரிந்தவர்கள் சொல்லட்டும். அன்றிரவு நித்திரை வந்தது.

சரி, விசயத்துக்கு வருகிறேன். உன் பேறுகாலத்துக்கென்று மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள் வறுத்து இடித்த சரக்குத்தூள் ஹோர்லிக்ஸ் போத்தலில் அப்படியே இருக்கிறது. இனி ஏன் உனக்கு, தா என்று சித்தி கேட்டாள், கொடுக்கவில்லை. நீ பிள்ளை பெற்றவள். மூன்று மாதம் போனாலும் பரவாயில்லை, வருகிற கிழமை மாமி அங்கே வருகிறா, கொடுத்து விடுகிறேன். உள்ளி கூடப் போட்டுக் குழம்பு வை, மருமகன் வைத்தாலும் சரி. பச்சைத் தண்ணீரில் தலை முழுகாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

எனக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. அவளுக்கு நீங்கள் பெயர் வைத்திருந்தால் அதை மட்டும் அனுப்பு. அடுத்த ஆடிக்கு எனக்கு வேணும்.

அம்மா