நுரையீரலுக்கு எத்தனை கிரே?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து நீ மீண்டும் நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்துவிட்டாய் என்பதும், புதிய எலி ஆய்வில் திசுக்களைப் பார்க்கும் பொறுப்பு உன்னிடம் வந்திருக்கிறது என்பதும் எனக்குப் பெரும் மகிழ்ச்சி. நான் இப்போது இளையவர்களுக்கு அளவீடு சொல்லிக்கொடுப்பதோடு நின்றுவிட்டேன். ஆனாலும் உன் கேள்வி என்னை இரண்டு நாட்களாக விடவில்லை.

கஜகஸ்தானின் குர்ச்சாத்தவ் நகரில் எலிகளுக்கு மாங்கனீசு-56 என்ற கதிரியக்கத் தூசியைச் செலுத்தி நடத்திய சோதனைகளைப் படித்திருக்கிறாய். நுரையீரல் பெற்ற டோஸ், அதாவது திசு வாங்கிய கதிர்வீச்சு ஆற்றல், ஏறக்குறைய 0.1 கிரேதான் (ஒரு கிரே என்றால் கிலோவுக்கு ஒரு ஜூல்), அதில் எப்படிக் கண்ணுக்குத் தெரியும் சிதைவு உண்டாகும், அளந்தவர்கள் கோட்டைவிட்டார்களா என்று கேட்கிறாய். அவர்கள் அந்தத் தனிமத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஹிரோஷிமா. 1945 ஆகஸ்ட் 6 அன்று வெடித்த குண்டின் நியூட்ரான்கள் மண்ணில் இருந்த மாங்கனீசைக் கதிரியக்கம் உடைய மாங்கனீசு-56 ஆக மாற்றின. குண்டு விழுந்தபோது ஊரில் இல்லாமல், உறவினரைத் தேடிப் பிறகு உள்ளே நுழைந்தவர்கள் சிலருக்கும் முடி உதிர்ந்தது, வயிற்றுப்போக்கு கண்டது. அவர்கள் சுவாசித்த தூசிக்கு அதில் பங்கு உண்டா என்பதுதான் அந்த எலிகளிடம் கேட்கப்பட்ட கேள்வி.

அளந்தவர்கள் தவறிவிட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்த 0.1 என்ற எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாங்கனீசு-56 இன் அரை ஆயுள் 2.58 மணி நேரம்; அந்த நேரத்துக்குள் அதன் கதிரியக்கம் பாதியாகிவிடும். எலியை அறுத்து, உறுப்பைப் பிரித்து, எடைபோட்டு, சிறு குப்பியில் இட்டு, காமாக் கதிரை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டரின் மேல் வைப்பதற்குள் அது தேய்ந்துகொண்டே போகிறது. 847 கிலோ எலக்ட்ரான் வோல்ட் இடத்தில் எழும் காமா முகட்டை எண்ணி, எண்ணிய நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, தூசி உள்ளே போன கணத்துக்குத் திரும்ப வேண்டும். நான் பணியாற்றிய ஓர் ஆய்வகத்தில் அறுவை அறையின் கடிகாரமும் எண்ணும் அறையின் கடிகாரமும் இருபது நிமிடம் முரண்பட்டிருந்ததை ஒரு வாரம் கழித்தே கண்டுபிடித்தோம். அந்த இருபது நிமிடம் ஒவ்வோர் எண்ணையும் 9 சதவீதம் பிசகச் செய்திருந்தது. உயிரைக் கொடுத்த விலங்கிடமிருந்து பெற்ற எண்ணைக் கடிகாரத்தினால் கெடுத்தோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பெக்கரலை, அதாவது ஒரு நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்ற எண்ணை, கிரேயாக மாற்றுவது எளிய பெருக்கல்போலத் தோன்றும். ஒரு கிராம் திசுவில் 1,000 பெக்கரல் மாங்கனீசு-56 படிந்து, அங்கேயே இருந்து முற்றிலும் சிதைந்தால், மொத்தம் சுமார் 1.3 கோடிச் சிதைவுகள் நடக்கும். அவற்றில் வெளிப்படும் பீட்டாத் துகள்களின், அதாவது வேகமான எலக்ட்ரான்களின், ஆற்றல் முழுவதும் அந்தத் திசுவிலேயே இறங்கினால் டோஸ் ஏறக்குறைய 1.8 மில்லிகிரே. ஆனால் இந்தக் கணக்கில் வரும் "இருந்தால்", "இறங்கினால்" என்ற இரண்டும் எலியிடம் பலிப்பதில்லை. அந்தப் பீட்டாத் துகள்கள் திசுவில் சில மில்லிமீட்டர் தூரம் ஓடக்கூடியவை. எலியின் நுரையீரலோ ஒன்றரைக் கிராமைத் தொடாத, காற்று நிறைந்த பஞ்சு. ஆற்றலில் ஒரு பகுதி அதைவிட்டு வெளியேறி நெஞ்சுக்கூட்டிலும் இதயத்திலும் விழும். எவ்வளவு வெளியேறுகிறது என்பதை, எலியின் உடலைக் கணினியில் சிறு கட்டங்களாக அமைத்து, ஒவ்வொரு துகளின் பாதையையும் பின்தொடர்ந்துதான் கணக்கிட முடியும். மனிதனுக்கான அட்டவணைகள் இதற்குச் சற்றும் உதவா.

தூசியும் ஓரிடத்தில் நிற்பதில்லை. எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணி. பெரிய துகள்கள் மூக்கிலேயே தங்கிவிடும், மூச்சுக்குழாயில் படிந்தவற்றைச் சளி மேலே தள்ளித் தொண்டைக்குக் கொண்டுவரும், எலி விழுங்கிவிடும். தூள் ஊதப்பட்ட பெட்டியிலிருந்து வெளியே எடுத்த எலியை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அது முதலில் செய்யும் வேலை, முன்னங்கால்களை நக்கி முகத்தைத் துடைத்து, பிறகு விலாவையும் வாலையும் பொறுமையாக நக்கிச் சுத்தம் செய்வதுதான். மயிரில் படிந்த தூசியில் பெரும்பகுதி அப்படியே வயிற்றுக்குப் போகிறது. குர்ச்சாத்தவ் எலிகளில் பெருங்குடல் ஒரு கிரேக்கு மேல் பெற்றதும், நுரையீரல் அதில் மிகச் சிறு பங்கே பெற்றதும் இதனால்தான். முழு உடலுக்கும் சேர்த்து ஒரே எண்ணைச் சொல்லியிருந்தால் இந்த வேறுபாடு காணாமலே போயிருக்கும்.

நுரையீரலின் 0.1 கிரேயும் அதே வகைச் சராசரிதான். தூசி மாவுபோல ஒரே சீராகப் பரவுவதில்லை. இங்கொன்றும் அங்கொன்றுமாக ஒட்டிக்கொள்கிறது. ஒரு துகளிலிருந்து 0.1 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் செல், 1 மில்லிமீட்டர் தள்ளியிருப்பதைவிட ஏறக்குறைய நூறு மடங்கு டோஸ் வாங்கும். நீ கண்ணாடிச் சில்லில் காண்பது அந்தச் செல்லை; நான் கொடுப்பது உறுப்பின் சராசரியை. இரண்டையும் நேரடியாகப் பொருத்துவது சரியாகாது. அதே சமயம், எல்லாப் பழியையும் கதிர்வீச்சின் மேல் போடவும் கூடாது. மாங்கனீசு ஆக்சைடுத் தூளே நுரையீரலுக்குத் தீங்கு செய்யும். குர்ச்சாத்தவ் ஆய்வாளர்கள் கதிரியக்கமற்ற தூளை ஊதிய எலிகளையும், கோபால்ட்-60 காமாக் கதிரை வெளியிலிருந்து 2 கிரே பெற்ற எலிகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். உங்கள் ஆய்விலும் இந்த இரண்டு குழுக்களைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இப்போது உன்னிடம் ஒரு வேண்டுகோள். உன் வழக்கப்படி நுரையீரலை முழுவதும் பார்மலினில் போட்டு ஒரு நாள் வைத்துவிட்டால், கதிரியக்கம் 600-இல் ஒரு பங்காகிவிடும். துகள் எங்கே இருந்தது என்பதை அதன் பிறகு யாராலும் காட்ட முடியாது. எலியின் இடது நுரையீரல் ஒரே மடல்தான். அதை உடனே உறையவைத்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, அன்றே, கதிர் பட்ட இடத்தைப் பதிவுசெய்யும் படத்தகட்டின் மேல் வைக்கும்படி செய். வலப்பக்கத்து நான்கு மடல்களும் உன் பார்மலினுக்கு இருக்கட்டும். ஒவ்வொரு குப்பியின் மேலும் எலியின் உயிர் போன நேரத்தை நிமிடத்தோடு எழுதி, எந்தக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாய் என்பதையும் குறித்து அனுப்பு. கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்