கதவு ஏன் மேலே திறக்கிறது

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு லேசானது. "வெள்ளை இவ்வளவு வெள்ளையா என்று இப்போதுதான் தெரிகிறது" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை இரண்டு மூன்று முறை படித்தேன். ஒர்க்‌ஷாப் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நாளைப் பற்றி நீ அதிகம் எழுதவில்லை. எழுதத் தோன்றும்போது எழுது, அவசரமில்லை.

பதில் தாமதமானதற்குக் காரணம் என் மேசை மேல் இருக்கிறது. பத்து மாதமாக ஒரு மாடல் கார் செய்துகொண்டிருக்கிறேன். மெர்சிடிஸ் பென்ஸ் 300 எஸ்.எல்., 1954-இல் வந்தது, 24-இல் ஒரு பங்கு அளவு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே நிஜக் காரில் 2,400 மில்லிமீட்டர். என் காரில் சரியாக 100. ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தபோது காரணமே இல்லாமல் சந்தோஷமாக இருந்தது.

உனக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் இந்தக் காரின் படத்தைப் பார்த்துவிட்டு, கதவு இறக்கை மாதிரி மேலே திறப்பது அழகுக்காகத்தான் என்று நான் சொன்னேன். "அழகுக்காக யாரும் இவ்வளவு கஷ்டப்பட மாட்டார்கள், உள்ளே ஏதோ காரணம் இருக்கும்" என்றாய் நீ. நீ சொன்னதுதான் சரி. கிட்டில் (பாகங்களாக வரும் மாடல் பெட்டியில்) முதலில் செய்ய வேண்டிய பெரிய வேலை அதன் எலும்புக்கூடுதான். மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த கூடு. 1952-இல் ருடால்ஃப் உஹ்லென்ஹவுட் ரேஸ் காருக்காக வடிவமைத்ததன் வழியில் வந்தது. அந்த ரேஸ் கார் அதே வருஷம் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தது. கூடு எடை குறைவாகவும் வளையாமலும் இருக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் குழாய்கள் உயரமாக ஏற வேண்டும். சாதாரணமாகக் கதவின் கீழ்ப்பாதி இருக்கிற இடத்தில் இந்தக் காரில் குழாய் ஓடுகிறது. கதவுக்கு மிச்சம் கிடைத்தது மேல்பாதியும் கூரையும்தான், அதனால்தான் கீல் கூரைக்குப் போயிற்று. இதை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். ஆனால் ஒட்டி முடித்த கூட்டின் மேல் பாடியை வைத்துப் பார்த்தேன் பார், கதவு விளிம்பு அந்தக் குழாய்க்கு மேலே ஒரு மயிரிழை இடைவெளியில் வந்து உட்கார்ந்தது. அப்போதுதான் உண்மையாகப் புரிந்தது. ஏறி உட்காரவே இடமில்லாததால் ஸ்டியரிங் வளையத்தையும் கீழே மடங்கும்படி செய்திருக்கிறார்கள். ஒரு குழாயை உயர்த்தியதில் தொடங்கி எத்தனை விஷயம் மாறியிருக்கிறது!

எஞ்சினைப் பற்றி உன்னிடம்தான் பேச வேண்டும். ஆறு சிலிண்டர், 2,996 சி.சி. அதே கம்பெனியின் 300 செடானில் கார்புரேட்டரோடு ஓடிய எஞ்சின்தான் அடிப்படை. நிமிர்த்தி வைத்தால் பானட் உயர்ந்துவிடும் என்பதால் பக்கவாட்டில் நன்றாகச் சாய்த்து வைத்துவிட்டார்கள். கார்புரேட்டரை எடுத்துவிட்டு, பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் பாஷ் பம்ப்பை வைத்தார்கள். நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினோடு விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் செய்தது இதுதான். அதனால் பம்ப்பிலிருந்து ஆறு மெல்லிய குழாய்கள் ஓட வேண்டும். கிட்டில் அவை கிடையாது, பிளக் ஒயரும் கிடையாது. 7 மில்லிமீட்டர் பிளக் ஒயர் 24-இல் ஒரு பங்கானால் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. பழைய காயில் (கம்பிச் சுருள்) ஒன்றைப் பிரித்து, அதில் சுற்றியிருந்த செம்புக் கம்பியை எடுத்துக் கறுப்புப் பூசினேன். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கையால் திருகும் குட்டி டிரில்லால் பிளக்குகளுக்கு ஆறு, நடுவே காயிலுக்கு ஒன்று, ஆக ஏழு துளை. மூடியின் அகலமோ ஒரு பச்சைப்பயறு அளவு. முதல் மூடி இரண்டாகப் பிளந்தது. இரண்டாவதை பிளாஸ்டிக் கம்பியிலிருந்து நானே வெட்டிக்கொண்டேன்.

எல்லாம் மாட்டி முடித்து, இரவு விளக்கை அணைக்கப் போகும்போதுதான் கவனித்தேன். ஒயர்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகக் கொடுத்திருக்கிறேன். சிலிண்டர்கள் பற்றும் வரிசையை 1-5-3-6-2-4 என்று நீ மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே ஒயர் மாட்டுவாயே, அந்தக் குரலே கேட்டது. மறுநாள் காலையில் ஆறையும் பிடுங்கி மறுபடி மாட்டினேன். பானட்டைத் திறந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள்கூட இதைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று வீட்டில் சொன்னார்கள். நீ கண்டுபிடிப்பாய், எனக்கு அது போதும்.

நுணுக்க வேலை என்றால் நிறைய ஒயரும் குழாயும் ஒட்டுவது என்றுதான் முன்பு நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒரு ஒயர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்தால் மட்டும் ஒட்டுகிறேன். தெரியாததை விட்டுவிடுகிறேன். தடிமன் விஷயமும் அப்படித்தான். நிஜக் காரின் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். கிட்டின் பாடியும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர், அதாவது நிஜ அளவில் 24 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு! அதனால் கதவு, பானட், சக்கர வளைவு என்று கண்ணில் படுகிற விளிம்புகளை மட்டும் உள்பக்கமாக உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கினேன். இரண்டு வாரம் ஆயிற்று. ஒன்றைக்கூடப் புதிதாகச் சேர்க்கவில்லை, ஆனால் காரின் முகமே மாறிவிட்டது.

பெயின்ட்டில் ஒரு பெரிய அடி வாங்கினேன். நிறம் வெள்ளி, அதில் சின்னக் கீறல்கூட ஒளியாது. அதனால் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து, பொறுமையாகத்தான் போனேன். பொடி நன்றாக அரைபட்ட வெள்ளியாகப் பார்த்து எனாமல் பெயின்ட் ஒன்றை ஏர்பிரஷில் அடித்தேன். சாதாரண மெட்டாலிக் பெயின்ட்டின் துகள் இந்த அளவில் மணல் மாதிரி தெரியும். வெள்ளி அருமையாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் இரண்டே நாளில் அதன் மேல் லாக்கர் வகைக் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்துவிட்டேன். எனாமல் மேல் லாக்கர் போனால் அதன் தின்னர் கீழே இருப்பதை இளக்கிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அடித்தேன். ஐந்து நிமிஷத்தில் கூரை முழுக்கக் காய்ந்த திராட்சைத் தோல் மாதிரி சுருங்கிப்போயிற்று. அன்று மேசைப் பக்கமே திரும்பவில்லை.

பிறகு பிரேக் ஆயிலில் பாடியை ஊறப்போட்டேன். பெயின்ட் மேல் பிரேக் ஆயில் பட்டுவிடக் கூடாது என்று எத்தனை முறை எச்சரித்திருக்கிறாய்! அதே குணம் இங்கே உதவியது. பெயின்ட் உரிந்தது, பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை நிறம், கிளியர் கோட் இரண்டுமே லாக்கர். மெல்லிய பூச்சுகளாக அடித்து, ஒவ்வொன்றும் காயக் காத்திருந்தேன். கடைசியில் மிக நைசான தாள்களால் மெருகேற்றினேன். பழைய பூச்சைவிட இது மெலிது, கதவுக் கோடுகள் அடைபடாமல் நிற்கின்றன.

சக்கரம், டயர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. டயரின் பளபளப்பு போகத் தரையில் படும் பகுதியை லேசாகத் தேய்த்தேன், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு சூப்பர் க்ளூ பக்கமே போகவில்லை. அதன் ஆவி பட்டால் கண்ணாடியில் பனி படர்ந்த மாதிரி வெள்ளை பூத்துவிடும். நாம் சேர்ந்து செய்த அந்த முதல் காரின் முன் கண்ணாடியில் பதிந்துபோன கட்டைவிரல் ரேகை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இந்தத் தடவை காய்ந்ததும் தெளிவாகிற வெள்ளைப் பசைதான். நிஜக் காரில் பக்கக் கண்ணாடி கீழே இறங்காது, தெரியுமா? இறக்க வேண்டிய இடத்தில்தான் குழாய் ஓடுகிறதே. வேண்டுமென்றால் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் காரிலும் ஒன்றைக் கழற்றி இருக்கைக்குப் பின்னால் சாய்த்து வைத்திருக்கிறேன்.

இருக்கைகளுக்குக் கட்டம் போட்ட துணி, டெகாலாக (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படமாக) வருகிறது. தலையணை மாதிரி உப்பிய பரப்பில் கட்டங்கள் கோணாமல் படிய வைப்பது லேசில்லை. இளக்கும் திரவத்தைத் தொட்டுத் தொட்டு, ஈரத் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். ஒரு மாலையில் ஒரு இருக்கைதான் முடிந்தது. ஓட்டுநர் இருக்கையில் ஒரு கோடு கொஞ்சம் விலகியிருக்கிறது. பிரித்தால் கிழிந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இனி மிச்சமிருப்பது எஞ்சினுக்கு ஓடிய அடையாளம் கொடுப்பதுதான். இப்போது அது கண்காட்சியில் வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை. கண்ட இடத்தில் அழுக்குப் பூசவும் மனமில்லை. நீ சொல். ஒழுங்காகப் பராமரித்த, கொஞ்சம் ஓடிய ஆறு சிலிண்டர் எஞ்சினில் எண்ணெய் முதலில் எங்கே வியர்க்கும்? வால்வ் கவரின் கீழ் விளிம்பிலா, முன்பக்க செயின் கவர் சேருமிடத்திலா? எஞ்சின் சாய்ந்திருப்பதால் எண்ணெய் ஒரு பக்கமாகத்தானே வழியும்? அப்புறம் எக்ஸாஸ்ட் குழாய். சிலிண்டர் ஹெட்டை ஒட்டின இடத்தில் என்ன நிறம், இரண்டடி தள்ளி என்ன நிறம்? படம் பார்த்துச் செய்ய முடியும். ஆனால் படத்தில் இருப்பதெல்லாம் புதுப்பித்து மினுக்கிய கார்கள். நீ நாற்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவன், இப்போது புதுக் கண்ணும் இருக்கிறது. ஒரு தாளில் எஞ்சினை வரைந்து, கறை படுகிற இடங்களைப் பென்சிலால் குறித்து அனுப்பு. அது வரும்வரை பானட்டைப் பொருத்தாமல் வைத்திருக்கிறேன்.

உன்,
பழைய கூட்டாளி