டிரை ஐஸ் தீர்ந்து, உருகி வந்த ஜெல் பற்றிய புகார்

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: குடல் ஆர்கனாய்டு (ஆய்வகத்தில் செல்களிலிருந்து வளரும் குட்டிக் குடல்) வளர்க்க வாங்கிய, செல்களைத் தாங்கிப் பிடிக்கும் மேட்ரிக்ஸ் ஜெல்லை மாற்றித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

நீங்கள் அனுப்பிய ஜெல் புட்டிகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தபோது தெர்மாகோல் பெட்டிக்குள் டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) கொஞ்சமும் இல்லை. புட்டியைச் சாய்த்தால் உள்ளே திரவம் ஆடியது. உடனே படம் எடுத்து உங்கள் விற்பனைப் பிரதிநிதிக்கு அனுப்பினேன். "திரும்ப உறைய வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் ஆகாது" என்றார். பலமுறை உறையவைத்து உருக்கக் கூடாது என்று உங்கள் கையேடே சொல்கிறது. 10 டிகிரிக்கு மேல் போனாலே இறுகத் தொடங்கும் பொருள் இது. வழியில் எவ்வளவு சூடேறியது என்று யாருக்குத் தெரியும்?

அவர் பேச்சை நம்பி ஒரு புட்டியைத் திறந்தோம். ஐஸ் மேல் வைத்து, குளிரவைத்த பிப்பெட் டிப்பில் எடுத்தும் கட்டி கட்டியாக வந்தது. நல்லவேளையாகப் பழைய லாட் (முந்தைய தயாரிப்புத் தொகுதி) கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரே தட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டோம். ஒரே சுண்டெலியின் சிறுகுடல் கிரிப்ட்கள் (ஸ்டெம் செல்கள் இருக்கும் குடல்சுவர்க் குழிகள்), இஜிஎஃப், நாகின், ஆர்-ஸ்பாண்டின் ஆகிய புரதங்கள் கலந்த ஒரே மீடியம் (வளர்ப்புத் திரவம்). பழைய ஜெல்லில் ஆர்கனாய்டு உருண்டைகள் வழக்கம்போல மொட்டு விட்டன. உங்கள் புதிய ஜெல்லிலோ சொட்டுகள் தட்டையாகப் பரவி, மீடியம் மாற்றும்போதே பாதி பெயர்ந்து போய்விட்டன. தங்கியவையும் மொட்டு விடாமல் வெறும் உருண்டையாகவே நின்றன.

செல்கள் பக்கத்துச் செல்களுக்கு அனுப்பும் நாட்ச் சமிக்ஞையைத் தடுத்தால், வேறு செல்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்கள் எப்படிச் சளி சுரக்கும் கோப்லெட் செல்களாக மாறுகின்றன என்பதே எங்கள் ஆய்வு. இந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் மருந்து போட்ட தட்டுக் குழிகளிலும் மொட்டு விடுவது நின்றுவிடும். பழைய லாட் மட்டும் கையில் இல்லாமல் போயிருந்தால், ஜெல்லின் கோளாறை மருந்தின் விளைவு என்று எழுதியிருப்போம். எனக்குப் பணத்தைவிட இதுதான் பெரிய கவலை. எல்ஜிஆர்5 என்ற அடையாளப் புரதம் கொண்ட ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்தே கிரிப்டும் வில்லஸும் (குடலின் விரல் போன்ற நீட்சி) உருவாகும் என்று ஆய்வாளர்கள் சாட்டோ, கிளெவர்ஸ் குழுவினர் 2009-இல் காட்டியதும் இப்படிப்பட்ட ஜெல்லுக்குள்தான். அப்புறம், அந்தக் கிரிப்ட்களுக்காக ஓர் உயிர் போயிருக்கிறது. விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

"திறந்த புட்டிக்கு மாற்று இல்லை" என்ற உங்கள் பதிலை ஏற்க முடியாது. திறக்கச் சொன்னது உங்கள் ஆள்தான். எல்லாப் புட்டிகளுக்கும் வேறு லாட்டிலிருந்து மாற்று வேண்டும். பெட்டிக்குள் வெப்பநிலைப் பதிவுக் கருவி வைத்து, அந்த லாட்டின் புரதச் செறிவுச் சான்றிதழோடு அனுப்புங்கள். இந்தச் சரக்கு வந்த வழியின் வெப்பநிலைப் பதிவையும் காட்டுங்கள். இதே வண்டியில் வேறு ஆய்வகங்களுக்குப் போயிருந்தால் அவர்களுக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். மீதிப் புட்டிகளைத் திறக்காமல் வைத்திருக்கிறோம், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆராய்ச்சி மாணவி,
செல் உயிரியல் ஆய்வகம்