தேய்ந்த பிளேட் மேல் ஒட்டுத் தகடு ஏன் போடுவதில்லை?

இரும்புப் படகு வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மீன்பிடித் தடைக்காலம் நெருங்குகிறது. கிழக்குக் கரைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. படகு தரையேறும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். அடிப்பாகத்தில் தேய்ந்த பிளேட்டின் மேல் இன்னொரு பிளேட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தரும் வேலையை எங்கள் படகு பழுதுபார்க்கும் யார்டில் எடுப்பதில்லை. தேய்ந்த இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பிளேட் பொருத்துவோம்.

வெளியே ஒரே நாளில் முடித்துத் தருகிறார்களே என்று கேட்கிறீர்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் ஒட்டுத் தகட்டைத் தாங்கி நிற்பது அந்தத் தேய்ந்த பழைய பிளேட்தானே. மெலிந்த இரும்பில் வெல்டிங் சரியாகப் பிடிக்காது, சூட்டில் ஓட்டை விழும். ஊசி முனை அளவு இடைவெளி இருந்தாலும் இரண்டு பிளேட்டுக்கும் நடுவே உப்புத் தண்ணீர் இறங்கிவிடும். அங்கே பிரஷும் போகாது, பெயின்டும் போகாது. அடுத்த வருடம் கனம் பார்க்கும் கருவியை வைத்தால் மேல் பிளேட்டின் கனத்தை மட்டும்தான் காட்டும். உள்ளே இற்றுப்போனது யாருக்கும் தெரியாது. நடுக்கடலில் வாரக்கணக்கில் தங்கும் படகில் ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

மீன் அறைப் பக்கம் வேலை இன்னும் தாமதமாகும். அங்கே துரு பெரும்பாலும் உள்ளிருந்துதான் வருகிறது. ஐஸ் உருகிய தண்ணீரும் மீன் ரத்தமும் பஃப் (குளிர் போகாமல் சுவரில் அடைக்கும் நுரை) பின்னால் கசிந்து பிளேட்டிலேயே தேங்கி நிற்கும். வெளியே வெல்டிங் அடித்தால் உள்ளே பஃப் புகைய ஆரம்பிக்கும். அந்தப் புகை ஆளைக் கொல்லும் விஷம். ஆகவே முதலில் பஃப்பைப் பெயர்த்து எடுத்தாக வேண்டும், வேலை முடிந்ததும் புதிதாக அடைக்க வேண்டும். பில்லில் அந்தத் தொகை தனியாக இருக்கும்.

அப்புறம் படகின் அடியில் பொருத்தும் ஜிங்க் (துத்தநாக) கட்டிகள். செலவு குறைவு, பலன் பெரிது. வெண்கல புரொப்பல்லரும் இரும்பு உடலும் ஒரே கடல் நீரில் கிடந்தால் இரும்புதான் கரையும். நடுவில் ஜிங்க் இருந்தால் இரும்புக்கு முன்னால் அது கரையும். அதன் வேலையே கரைவதுதான். வருடம் முழுக்க ஓடியும் ஜிங்க் புதிதுபோல இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஒன்று இரும்பைத் தொடாமல் இருக்கும், இல்லை மேலே பெயின்ட் மூடியிருக்கும். பல படகுகளில் கொட்டலசு (அடியில் ஒட்டி வளரும் ஓட்டு உயிரி) சுரண்டிப் பெயின்ட் அடிக்கும்போது ஜிங்க் மேலும் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். தயவுசெய்து உங்கள் ஆட்களிடம் சொல்லி வையுங்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

துறைமுகத்தில் சில்லறை வெல்டிங் செய்யும்போது எர்த் கிளாம்ப்பை (வெல்டிங் மெஷினின் எர்த் வயர் கவ்வியை) வேலை நடக்கும் படகிலேயே, அந்த இடத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் படகில் மாட்டினால் கரண்ட் தண்ணீர் வழியாகப் போய் அடிப்பிளேட்டை அரிக்கும்.

கிழக்குக் கரைப் படகுகளை முதலிலும் மேற்குக் கரைப் படகுகளை அடுத்தும் ஏற்றுகிறோம். வருவதற்கு முன் மீன் அறையைக் கழுவிக் காயவிட்டு, பில்ஜ் தண்ணீரை (படகின் உள் அடியில் தேங்கும் தண்ணீரை) இறைத்துவிட்டு வாருங்கள். டீசல் டேங்க் பக்கம் பிளேட் மாற்ற வேண்டியிருந்தால் டேங்க்கைக் காலி செய்து வாருங்கள். பழைய பிளேட் மாற்றிய விவரம் ஏதாவது கையில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள், எங்கே முதலில் கனம் பார்ப்பது என்று முடிவு செய்ய உதவும்.

அன்புடன்,
யார்டு நிர்வாகம்