போட்டியாளரின் கன்சோலுக்குப் போகிறவர்கள் எழுதித் தர வேண்டியது: எக்ஸ்பாக்ஸ் தலைமைக்கு ஒரு திறந்த மடல்

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் பிரிவை நடத்தும் பொறுப்பில் உள்ளவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் ஸ்டூடியோக்களில் உருவான கேம்கள் சோனியின் பிளேஸ்டேஷன் 5-லும் நிண்டெண்டோவின் ஸ்விட்சிலும் வெளிவருவதைக் கண்டித்து இந்த மடலை எழுதவில்லை. அப்படிக் கண்டிப்பவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். அவர்களுடைய வாதம் எனக்கு ஏற்புடையதன்று. ஒரு நல்ல கேமைக் கூடுதலான பேர் விளையாடுவதால் முன்பே வாங்கியவருக்கு எந்த நட்டமும் இல்லை. நான் கேட்க வந்தது வேறு. உங்கள் கன்சோலை, அதாவது தொலைக்காட்சியோடு இணைத்துக் கேம் விளையாடும் பெட்டியை, நம்பிப் பணம் போட்டவர்கள் அதில் வாங்கிச் சேர்த்த கேம்களுக்கு நாளை என்ன ஆகும் என்பதை, விளம்பர வாசகமாக இல்லாமல், உங்களைக் கட்டுப்படுத்தும் உறுதிமொழியாக எழுதித் தாருங்கள் என்பதே என் கோரிக்கை.

2024 பிப்ரவரியில், நான்கே நான்கு கேம்கள் பிற கன்சோல்களுக்குப் போகும் என்றீர்கள். பென்டிமென்ட், ஹைஃபை ரஷ், கிரவுண்டட், சீ ஆஃப் தீவ்ஸ் என்பவை அந்த நான்கு. இண்டியானா ஜோன்ஸ் கேம் அவற்றில் இல்லை என்று பெயர் சொல்லியே மறுத்தீர்கள். ஆறு மாதம் கழித்து அதுவும் பிளேஸ்டேஷன் 5-க்கு வரும் என்ற அறிவிப்பு வந்தது. 2025 ஏப்ரலில் அதுவும் ஃபோர்ஸா ஹொரைசன் 5-உம் அங்கே வெளியாயின. ஆகஸ்டில் கியர்ஸ் ஆஃப் வார் போய்ச் சேர்ந்தது. 2001-இல் முதல் எக்ஸ்பாக்ஸை மக்கள் வாங்குவதற்குப் பெரிய காரணமாக இருந்த ஹேலோவின் மறுஆக்கமும் பிளேஸ்டேஷனுக்கு வரும் என்று அக்டோபரில் அறிவித்தீர்கள். தனித்தனியே பார்த்தால் இந்த முடிவுகள் எதிலும் தவறில்லை. ஆனால் 'நான்கு மட்டும்' என்ற சொல்லை நம்பி 2024-இல் கன்சோல் வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாக நினைத்தால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அந்த 2024 நவம்பரிலேயே கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் மடிக்கணினியையும் காட்டி, இது ஒரு எக்ஸ்பாக்ஸ் என்று விளம்பரமும் செய்தீர்கள். அப்படியானால் நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் பெட்டி எதற்கு என்று அவர் கேட்கத்தானே செய்வார்.

உங்கள் நெருக்கடி புரியாமல் இல்லை. இந்தத் தொழிலில் கன்சோலை மிகக் குறைந்த லாபத்திலோ நட்டத்திலோ விற்றுவிட்டு, பிறகு அதில் விற்கும் ஒவ்வொரு கேமிலும் எடுக்கும் 30 விழுக்காட்டிலும் சந்தாவிலும் பணத்தை மீட்பதே வழக்கம். உங்கள் கேமே சோனியின் கடையில் விற்கும்போது அந்தப் பங்கை நீங்கள் சோனிக்குக் கட்ட வேண்டியிருக்கிறது. ஆகவே ஒரு வாடிக்கையாளர் கன்சோல் மாறிப் போனால், அவர் பிறருடைய கேம்களை வாங்கும்போது உங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய பங்கும் போகிறது, உங்கள் கேமை வாங்கும்போதும் ஒரு பங்கு வெளியே போகிறது. 2024 ஜூனுடன் முடிந்த காலாண்டில் எக்ஸ்பாக்ஸ் வன்பொருள் வருவாய் முந்தைய ஆண்டைவிட 42 விழுக்காடு குறைந்ததாக உங்கள் நிறுவனமே அறிவித்தது. எத்தனை கன்சோல்கள் விற்றன என்ற கணக்கை வெளியிடுவதை 2015-லேயே நிறுத்திவிட்டீர்கள். அமெரிக்காவில் 499 டாலராக இருந்த உங்கள் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் கன்சோலின் விலை 2025-இல் மட்டும் இருமுறை உயர்ந்து 649 டாலரை எட்டியது. விற்பனை சரியும் பொருளின் விலையை ஏற்றுகிறவர் அதன் எதிர்காலத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், கேட்பவர்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள்.

இந்த வழியில் உங்களுக்கு முன்னே நடந்தது செகா என்ற ஜப்பானிய கேம் நிறுவனம். 2001 ஜனவரி 31 அன்று தன் ட்ரீம்காஸ்ட் கன்சோலின் தயாரிப்பை மார்ச் இறுதியோடு நிறுத்துவதாகவும், இனி மற்றவர்களின் கன்சோல்களுக்குக் கேம் செய்வதாகவும் அது அறிவித்தது. அந்தக் கன்சோலின் முகப்பை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் கீழ் மூலையில் சிறு கருவிகளுக்கான உங்கள் இயங்குதளமான விண்டோஸ் சிஇ-யின் முத்திரைதான் அச்சாகியிருந்தது. ட்ரீம்காஸ்ட் தோற்றதற்குப் பிளேஸ்டேஷன் 2, எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற பெரிய கேம் நிறுவனம் அதற்குக் கேம் செய்ய மறுத்தது, திருட்டுப் பிரதிகள் எனப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. எல்லாம் உண்மையே. ஆனால் வேர் அதற்கும் முன்பே அழுகத் தொடங்கியிருந்தது என்பது என் எண்ணம். 1994 நவம்பரில், பழைய ஜெனிசிஸ் கன்சோலின் மேல் செருகும் 32எக்ஸ் என்ற கருவியை அமெரிக்காவில் விற்றார்கள். அதை வாங்கியவர்களின் கைச்சூடு ஆறுமுன், 1995 மே 11 அன்று சாட்டர்ன் என்ற புதிய கன்சோலை, செப்டம்பரில் வரும் என்று சொன்ன பேச்சை மீறி, அன்றே கடைகளில் கிடைக்கும் என்று அறிவித்தார்கள். சரக்கு தரப்படாத ஒரு பெரிய கடைத்தொடர் செகாவின் பொருள்களையே விற்க மறுத்தது. கேம் செய்பவர்களும் ஆயத்தமாக இல்லை. 32எக்ஸ் கேட்பாரற்றுப் போனது. 1999 செப்டம்பரில் ட்ரீம்காஸ்ட் அமெரிக்காவுக்கு வந்தபோது முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 10 கோடி டாலருக்கு விற்றும், பிளேஸ்டேஷன் 2 வரட்டும் பார்க்கலாம் என்று காத்திருந்தவர்களே அதிகம். செகாவின் சொல்லுக்கு அவர்களிடம் மதிப்பு மிச்சமில்லை.

அதன் பிறகு செகா பிழைத்தது எப்படி என்பதையும் பாருங்கள். தலைவர் இசாவோ ஓகாவா, இறப்பதற்குச் சற்று முன், நிறுவனம் தனக்குத் தர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்து, தன் சொந்தப் பங்குகளையும் அதற்கே கொடுத்தார். 2001 டிசம்பரில், பத்தாண்டுப் பகையாளியான நிண்டெண்டோவின் கன்சோலிலேயே செகாவின் புகழ்பெற்ற கேம் நாயகன் சோனிக் ஓடியது. ஆனால் நெடுங்காலம் தாங்கியது சோனிக் மட்டுமன்று. 2005-இல் வாங்கிய கிரியேட்டிவ் அசெம்பிளி, 2006-இல் வாங்கிய ஸ்போர்ட்ஸ் இன்டராக்டிவ், 2013-இல் கைக்கு வந்த அட்லஸ் போன்ற, தனக்கென்று ரசிகர்களைக் கொண்ட ஸ்டூடியோக்களும்தான். சொந்தக் கன்சோலைச் சார்ந்திராத நிறுவனத்துக்குக் கேம் செய்யத் தெரிந்த ஆட்களே மூலதனம்.

இதை ஹைஃபை ரஷுக்கு நேர்ந்ததோடு பொருத்திப் பார்க்கிறேன். அது பிளேஸ்டேஷன் 5-இல் வெளியானது 2024 மார்ச் 19 அன்று. அதைச் செய்த டாங்கோ கேம்வொர்க்ஸை மூடுவதாக நீங்கள் அறிவித்தது மே 7 அன்று. இடையில் இருந்தது ஏழு வாரம். ஆகஸ்டில் கிராஃப்டன் என்ற கொரிய நிறுவனம் அந்த ஸ்டூடியோவையும் அந்த கேமையும் வாங்கிக்கொண்டது. போட்டியாளரின் மேடையில் ஆடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டு ஆடத் தெரிந்தவர்களை வெளியே அனுப்பிய கணக்கு எனக்கு விளங்கவில்லை. 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷன் பிளிசார்ட் என்ற பெரிய கேம் நிறுவனத்தை வாங்கிய நிறுவனம் இது என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது இன்னும் விளங்கவில்லை.

இனி என் கோரிக்கைக்கு வருகிறேன். 2023 மே மாதம், அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த ஃபில் ஸ்பென்சர் ஒரு பேட்டியில், மக்கள் தங்கள் டிஜிட்டல் கேம் சேகரிப்பைக் கட்டிய அந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் தலைமுறையில்தான் நாம் தோற்றோம் என்ற பொருளில் பேசினார். சேகரிப்புதான் மனிதரை ஒரு கன்சோலோடு கட்டிப்போடுகிறது என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. இந்த விஷயத்தில் உங்கள் பழைய நடத்தைக்கு நற்சான்று தரவும் நான் தயங்கவில்லை: 2024 ஜூலையில் உங்கள் பழைய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360-இன் இணையக் கடையை மூடியபோதும் முன்பு வாங்கியவற்றைத் தரவிறக்கிக்கொள்ள வழி வைத்தீர்கள். அடுத்த தலைமுறைக் கன்சோலிலும் இப்போதுள்ள கேம்கள் இயங்கும் என்று 2025 ஜூனில் ஒரு காணொளியில் சொல்லவும் செய்தீர்கள். காணொளியில் சொன்னது போதாது. டிஜிட்டல் கேமை வாங்குபவருக்குக் கிடைப்பது உடைமை அன்று, உரிமம். அந்த உரிமத்தின் வாசகத்தை எழுதுவது நீங்கள். வாங்கிய கேம் எத்தனை ஆண்டுகளுக்குத் தரவிறக்கக் கிடைக்கும், கன்சோல் தயாரிப்பு நிற்குமானால் அந்த உரிமம் கணினிக்கு மாறுமா, மற்ற நிறுவனங்கள் வெளியிட்ட கேம்களுக்கும் அது பொருந்துமா என்பவற்றை அந்த ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எளிதன்று, ஒவ்வொரு வெளியீட்டாளரிடமும் தனியாகப் பேச வேண்டியிருக்கும் என்பது தெரியும். அதனால்தான் இப்போதே தொடங்கச் சொல்கிறேன்.

கன்சோல் தயாரிப்பை நிறுத்தும் எண்ணம் இன்று இல்லாமல் இருக்கலாம். என்றாலும், அப்படியொரு நாள் வந்தால் எத்தனை மாதம் முன்னறிவிப்புத் தருவீர்கள் என்பதும் அதில் இருக்கட்டும். செகா தந்தது இரண்டே மாதம்; நீங்கள் குறைந்தது இரண்டு ஆண்டு தர வேண்டும் என்று கேட்கிறேன். அடுத்த கன்சோலின் விலையை அறிவிக்கும் மேடையிலேயே இந்த உறுதிமொழியையும் வாசியுங்கள். வாங்குவதா வேண்டாமா என்பதை அதைப் படித்துவிட்டு முடிவு செய்துகொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் கன்சோலில் விளையாடுபவர்களுள் ஒருவர்